நெருப்பு கேஸுக்குப் போனது, கல் கரண்டுக்குப் போனது

வடுகபட்டியிலும் பெரியகுளத்திலும் இப்போது புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி வருகிறது. அடுப்படி மேடையில் கேஸ் அடுப்பு வைப்பதா, கரண்ட் அடுப்பு வைப்பதா? வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள், "இனிமேல் எல்லாம் இண்டக்‌ஷன்தான், சிலிண்டரை ஒப்படைச்சிருங்க" என்கிறார்கள். ஊரில் இருக்கிற அம்மா, "கரண்ட் போனா உங்கப்பாவுக்கு யாரு கஞ்சி காய்ச்சுறது?" என்கிறார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், இந்த இரண்டும் நம் வீட்டுக்குள் எப்படி நுழைந்தன என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுவது நல்லது. என் வயதுக்காரர்கள் இதில் பாதியைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். மீதிப் பாதியைப் புத்தகத்திலிருந்தும், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்தும் சொல்கிறேன்.

மேல்நாட்டில் நடந்த போட்டி

மேல்நாட்டில் கேஸ் முதலில் வந்தது சமையலுக்கு அல்ல, வெளிச்சத்துக்கு. பிரான்ஸில் பிலிப் லெபோன் என்ற பொறியாளர், விறகைச் சூடாக்கி அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு விளக்கு எரிக்கும் முறைக்கு 1799-ல் காப்புரிமை வாங்கினார். லண்டனில் பால்மால் தெருவில் 1807-ல் கேஸ் விளக்கு எரிந்தது. நம் நாட்டில் கல்கத்தா தெருக்களுக்கு 1857-ல் கேஸ் விளக்கு வந்தது. அந்தக் கேஸ் நிலக்கரியை வாட்டி எடுத்தது. தரைக்கடியில் குழாய் வழியாக வரும்.

1882-ல் எடிசன் நியூயார்க்கில் மின்சார நிலையம் திறந்தார். அதற்குப் பிறகு வெளிச்சத்தில் கேஸ் தோற்க ஆரம்பித்தது. குழாயெல்லாம் போட்டாகிவிட்டது, கம்பெனி சும்மா இருக்குமா? "விளக்கை விடுங்கள், அடுப்பை எங்களுக்குக் கொடுங்கள்" என்று வீடு வீடாக அடுப்பை விற்றார்கள். பாரிஸில் பழைய கட்டடங்களின் வாசலில் நீல நிற எனாமல் பலகை ஒன்று இருக்கும். எல்லா மாடியிலும் தண்ணீரும் கேஸும் உண்டு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் வாடகை கேட்பதற்கு அதுவே பெரிய தகுதி. குழாய் போகாத பிரெஞ்சுக் கிராமங்களுக்கு 1930-களில் ப்யூட்டேன் சிலிண்டர் வந்தது.

ஆக, அங்கே வரிசை இப்படி: முதலில் கேஸ், பிறகு கரண்ட். வெளிச்சத்தைக் கரண்ட் பறித்துக்கொண்டது, அடுப்பு கேஸிடம் தங்கியது.

ஒரு சின்ன விஷயம். 'காஸ்' என்ற சொல்லை உண்டாக்கியவர் 17-ம் நூற்றாண்டில் இருந்த வான் ஹெல்மான்ட் என்ற பிளெமிஷ்காரர். பிரெஞ்சுக்காரர்கள் 'காஸ்' என்பார்கள், இங்கிலீஷ்காரர்கள் வாயில் அது 'கேஸ்' போல ஒலிக்கும். நம் பழைய பத்திரிகைகள் 'காஸ் அடுப்பு' என்று எழுதின. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எனக்கு அதுதான் சரியாகப் படும். ஆனால் ஐம்பது வருடமாக இந்த ஊரில் இருந்து 'கேஸ்' என்றே பழகிவிட்டது. கோர்ட் கேஸும் கேஸ், அடுப்புக் கேஸும் கேஸ்.

நம் பக்கம் வரிசை தலைகீழ்

நமக்குக் கரண்ட்தான் முதலில் வந்தது. பைகாரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் மில்களுக்குப் போனது. மேட்டூர் 1937, பாபநாசம் 1944. நம் பள்ளத்தாக்கின் சொந்த மின்சாரம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பிறந்தது. பென்னிகுக் அணை கட்டி முடித்தது 1895-ல். அறுபது வருடத்துக்கு மேல் அந்தத் தண்ணீர் மலையிலிருந்து சும்மா இறங்கி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. லோயர் கேம்ப்பில் பெரிய குழாய்கள் வழியாக இறக்கி, 1958-ல் முதல் இயந்திரத்தை ஓட்டினார்கள். 1965-க்குள் நான்கு இயந்திரம், ஒவ்வொன்றும் 35 மெகாவாட். குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் குழாய்களைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அது காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். மின்வாரியம் 1957-ல் உருவானது. கிராமங்களுக்குக் கம்பி இழுப்பதில் அன்றைய சென்னை மாநிலம் நாட்டிலேயே முன்னால் நின்றது. ஆனால் கம்பி எங்கே போனது என்று பாருங்கள். கிணற்றுக்குப் போனது. கமலை இறைத்த இடத்தில் பம்ப்செட் வந்தது. தோட்டத்துக்குக் கரண்ட் வந்து சில வருடம் கழித்தும் வீட்டில் அரிக்கேன் விளக்கு எரிந்த குடும்பங்கள் எத்தனையோ. வீட்டுக்கு வந்த போதும் பட்டாசாலையில் ஒரு பல்பு, திண்ணையில் ஒரு பல்பு. அடுப்படிக்கு வரவில்லை. அங்கே சிம்னி விளக்குதான்.

'ஹீட்டர் அடுப்பு' என்று ஒன்று அப்போதே இருந்தது. மண் தட்டில் சுருள் கம்பி செந்தணலாகத் தெரியும். லாட்ஜிலும் ஹாஸ்டலிலும் வார்டனுக்குத் தெரியாமல் டீ போடுவார்கள். வீட்டில் யாரும் அதில் சோறு ஆக்கவில்லை. காரணம் சுலபம். அந்த நாளைய வீட்டு வயரிங் ஒரு ஃபேன், நாலு பல்புக்குப் போட்டது. சாயந்தரம் தோட்டத்தில் மோட்டார் ஓடினால் வீட்டு பல்பு மஞ்சளாகிவிடும். அதில் அடுப்பையும் போட்டால் ஃபியூஸ் போகும்.

இன்னொரு காரணம் கணக்கு. ஒரு மிக்ஸி 500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்னிக்கு ஐந்து நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூடச் செலவாகாது. 2000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்தால் 2 யூனிட். சுற்றுகிற வேலைக்குக் கரண்ட் கொஞ்சம் போதும், சுடுகிற வேலைக்கு நிறைய வேண்டும். இந்த ஒரு விஷயம்தான் நம் அடுப்படியை இரண்டாகப் பிரித்தது.

கல் கரண்டுக்குப் போனது

நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தபோது என் அத்தை, அதாவது மாமியார், விடிவதற்கு முன்பே ஆட்டுரலில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் எட்டுப் பேர். இட்லி மாவு ஆட்ட ஒன்றரை மணி நேரம். அம்மியில் மசால் அரைப்பது தனி. கேழ்வரகு உடைக்கத் திருகை, கம்பு குத்த உரலும் உலக்கையும். "பொம்பளைக்குத் தோளு வலி பொறந்த வீட்டுச் சீதனம் மாப்பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு எனக்கு வரவில்லை.

அந்தக் கல்லை அவர் கையிலிருந்து எடுத்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். பி. சபாபதி 1955-ல் மோட்டாரில் சுற்றும் வெட் கிரைண்டரைச் செய்தார். கல் அப்படியே இருந்தது, கைதான் மாறியது. முதலில் ஓட்டல்காரர்கள் வாங்கினார்கள். பிறகு தெருவில் ஒருவர் கிரைண்டர் போட்டுப் படிக் கணக்கில் காசு வாங்கி மாவு அரைத்துக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்ற பெயருக்கே இன்று புவிசார் குறியீடு இருக்கிறது.

மிக்ஸி அதற்குப் பின்னால் வந்தது. வெள்ளைக்காரன் மிக்ஸி கேக் மாவு கலக்கத்தான் லாயக்கு. நம் ஊர் மிளகாய் வற்றலையும் கொப்பரையையும் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். அதைத் தாங்குகிற மோட்டாரை 1960-களில் சுமீத் கொண்டுவந்தது. பிறகு சென்னையிலிருந்து பிரீத்தி போன்றவை வந்தன. வடுகபட்டியில் வசதியுள்ள வீட்டுக் கல்யாணச் சீர்வரிசையில் 1980-களில் மிக்ஸி ஏறியது. மீதிப் பேருக்கு 2011-ல் அரசு கொடுத்தது. அந்த வருடம் செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் ரேஷன் கார்டுக்கு வந்தன. எங்கள் தெருவில் ஆட்டுரல்கள் கொல்லைக்குப் போனது அந்த வருடம்தான். சில வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்கள்.

நெருப்பு கேஸுக்குப் போனது

இனி அடுப்பு. எங்கள் பக்கம் எரித்தது என்னென்ன என்று நினைவுக்கு வருகிறதா? மலையடிவாரத்திலிருந்து பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் விறகு. தென்னை மட்டை, பாளை, சிரட்டை. பருத்தி எடுத்து முடித்த காட்டிலிருந்து பருத்திமார். சோளத்தட்டை. வறட்டி. வேலிக்கருவை வந்த பிறகு விறகுக்குப் பஞ்சமில்லை, முள் குத்தியதுதான் மிச்சம். மரக்கடை பக்கத்தில் இருந்தால் மரத்தூள் அடுப்பு. டவுனில் குமுட்டி அடுப்பும் அடுப்புக்கரியும். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதுகுழலால் ஊதி ஊதி, அத்தையின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். கடைசிக் காலத்தில் அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. பீடி சிகரெட் தொடாத மனுஷிக்கு இப்படி நுரையீரல் என்று மருத்துவர் ஆச்சரியப்பட்டார். ஐம்பது வருடப் புகை அது.

இடையில் சீமெண்ணெய் வந்தது. பம்பு ஸ்டவ் சத்தம் தெருவுக்கே கேட்கும். அது வெடித்துச் செத்த மருமகள்கள் கதையும் நமக்குத் தெரியும். பிறகு திரி ஸ்டவ். இந்தியன் ஆயில் 1970-களில் 'நூதன்' என்ற திரி ஸ்டவ்வை உருவாக்கியது. புகை குறைவு, எண்ணெயும் குறைவு. வாடகை வீட்டில் இருந்த என் போன்ற கிளார்க்குகள் அதில்தான் குடும்பம் நடத்தினோம்.

சிலிண்டர் கேஸ் இந்தியாவில் பம்பாயில் 1955-ல் பர்மா ஷெல் கம்பெனி மூலம் வந்தது. இந்தியன் ஆயிலின் இண்டேன் முதல் இணைப்பு 1965-ல் கல்கத்தாவில். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் புரொப்பேனும் ப்யூட்டேனும் சேர்ந்ததுதான் இது. அழுத்தினால் திரவமாகி சிலிண்டருக்குள் அடங்கும். அதற்கென்று வாசனை கிடையாது. நாம் முகம் சுளிக்கிற அந்த நாற்றம், கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்க்கிற மெர்காப்டன். காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையோடு தங்கும். ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, வாசல் கதவையும் திறக்க வேண்டும்.

பம்பாயிலிருந்து நம் பக்கத்துக்கு அது வந்து சேர இருபது, முப்பது வருடம் ஆனது. 1980-களில் கேஸ் இணைப்புக்குப் பதிந்து வைத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எம்.பி. கோட்டாவில் கூப்பன் வாங்க ஆள் பிடிப்பார்கள். வாத்தியார், பேங்க் உத்தியோகஸ்தர், அரசாங்க ஊழியர் வீடுகளில் சிலிண்டர் வந்தது. அதற்குச் சமையலறையில் மேடை கட்ட வேண்டும். உட்கார்ந்து சமைத்த பெண்கள் நின்று சமைக்க ஆரம்பித்தது அதிலிருந்துதான். முழங்காலுக்கு நல்லது, குதிகாலுக்குக் கெட்டது என்று என் மனைவி சொல்வாள்.

நான் சில வருடம் வழங்கல் பிரிவில் இருந்தேன். அங்கே இந்த வரலாறு முத்திரையாக வரும். கேஸ் இணைப்பு வாங்கியவர் ரேஷன் கார்டில் முத்திரை விழும். முத்திரை விழுந்தால் சீமெண்ணெய் குறையும். இரண்டு சிலிண்டர் என்றால் சீமெண்ணெயே கிடையாது. கார்டை நீட்டும்போது பலர் முத்திரை இருக்கிற பக்கத்தைப் பெருவிரலால் மறைத்துப் பிடிப்பார்கள். ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு பெண் விளக்கினார். "சார், சிலிண்டர் தீர்ந்தா அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. அந்த நாள்ல இந்த எண்ணெய்தான் சோறு போடும். ரெண்டுல ஒண்ணு கையில இருக்கட்டும் சார்." அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் நாலு பக்கத்தில் சொல்வதை அவர் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

2007-ல் கருணாநிதி அரசு, கேஸ் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்போடு இலவச இணைப்பு கொடுத்தது. 2016 மே முதல் தேதி மத்திய அரசின் உஜ்வாலா தொடங்கியது. அதில் இணைப்பு பெண் பெயரில். இன்று வடுகபட்டியில் கேஸ் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். விறகு முழுக்கப் போய்விடவில்லை. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லையில் கல் அடுப்பு புகைகிறது. ஆனால் தினச் சோறு கேஸில்தான்.

ஆக நம் கணக்கு இப்படி முடிந்தது. அடுப்படியில் இரண்டு பெரிய வேலை: அரைப்பது, வேகவைப்பது. கரண்ட் முதலில் வந்தும் கல்லைத்தான் எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த கேஸ் நெருப்பை எடுத்துக்கொண்டது. இரண்டும் சண்டை போடவே இல்லை. பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி போல ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள்.

2012: இரண்டும் சேர்ந்து கைவிட்ட வருடம்

இந்தப் பாகப்பிரிவினையை முதலில் கலைத்தது 2012. அந்த வருடத்தை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மின்வெட்டு 2008-லிருந்தே இருந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. முந்தின வருடம் கிடைத்த கிரைண்டர் மூலையில் இருக்கிறது, ஓட்டக் கரண்ட் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் தெரு முழுக்கக் கிரைண்டர் சத்தம் கேட்கும். பெண்கள் தூக்கத்தில் எழுந்து மாவு ஆட்டினார்கள்.

அதே வருடம் செப்டம்பரில் மத்திய அரசு, மானிய சிலிண்டர் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஆறுதான் என்று வரம்பு வைத்தது. 2013 ஜனவரியில் அது ஒன்பதாகி, 2014-ல் பன்னிரண்டானது. ஆனால் அந்த முதல் சில மாதம் வீட்டுக்கு வீடு பதற்றம். கடைகளில் இண்டக்‌ஷன் அடுப்பு மளமளவென்று விற்றது. கேஸை மிச்சம் பிடிக்க இண்டக்‌ஷன் வாங்கினால், அதற்குக் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்று கேஸுக்குத் திரும்பினால், அதற்கு எண்ணிக்கை.

அப்போது என்ன நடந்தது? கொல்லையில் கிடந்த ஆட்டுரலைக் கழுவி நிமிர்த்தினார்கள். மூன்று கல் கூட்டி விறகு வைத்தார்கள். கேஸும் கரண்டும் சேர்ந்து கைவிட்டால் அந்த வேலை எங்கே போகும் என்பதற்கு அந்த வருடம் சாட்சி. அது மறுபடி பெண்ணின் தோளுக்கும் கண்ணுக்கும்தான் போனது. பத்திரிகைகள் மெகாவாட் பற்றியும் மானியம் பற்றியும் எழுதின. இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

இன்றைய கணக்கு

இப்போது நிலைமை வேறு. கரண்ட் ஓரளவு நிலையாக இருக்கிறது. காற்றுக் காலத்தில் கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. 2016 மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. சிலிண்டர் விலை 2022-ல் ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் பிறகு இறங்கியது. நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து. அங்கே ஒரு குண்டு விழுந்தால் இங்கே டீக்கடையில் விலை ஏறும். கரண்ட் நெருப்பின் பக்கம் கை நீட்டுவது உண்மையில் இப்போதுதான்.

ஒரு கிளார்க் கணக்கு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். அதன் சூட்டைக் கரண்ட் அளவில் சொன்னால் ஏறக்குறைய 180 யூனிட். கேஸ் அடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு சூடுதான் பாத்திரத்துக்குள் போகும், மீதி பக்கவாட்டில் வீணாகும். இண்டக்‌ஷனில் வீண் குறைவு. அதனால் ஒரு சிலிண்டர் செய்கிற வேலையைச் செய்ய இண்டக்‌ஷனுக்குச் சுமார் 140 யூனிட் வேண்டும்.

சிலிண்டர் விலையை 140-ஆல் வகுங்கள். 2025 ஏப்ரலில் சென்னை விலை 868 ரூபாய் 50 காசு. வகுத்தால் ஆறு ரூபாய் இருபது காசு. உங்களுக்குக் கூடுதலாக வரும் யூனிட் இதைவிடக் குறைந்த விலையில் விழுந்தால் கரண்ட் லாபம், கூடினால் கேஸ் லாபம். விலை மாறினாலும் இந்த வகுத்தல் மாறாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், கிடைக்கிற சலுகையில் ஒரு பகுதி போய்விடும். மேலே போகப் போக யூனிட் விலையும் ஏறும். ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 280 யூனிட். ஏற்கெனவே ஃபிரிட்ஜ், ஃபேன், டி.வி. எல்லாம் சேர்த்து 300 ஓடுகிற வீடு முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாறினால் 580. பள்ளத்தில் கால் வைத்தாயிற்று. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் சிலிண்டர் இரண்டு மாதம் வரும், மொத்த உபயோகமும் குறைவு. அவர்களுக்கு இண்டக்‌ஷன் கட்டுப்படியாகும். கூரையில் சோலார் போட்டவர்கள் கணக்கு தனி.

பணம் மட்டும் பேச்சில்லை. நம் வயதுக்கு வேறு சில உண்டு. பாலை வைத்துவிட்டு மறந்து போகிறவர்களுக்கு, நேரம் வைத்தால் தானாக அணைகிற இண்டக்‌ஷன் பாதுகாப்பு. சிலிண்டர் மாற்ற ஆள் தேட வேண்டாம். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இண்டக்‌ஷன் பக்கம் போக வேண்டாம். வீட்டில் இருக்கிற வெண்கலப் பானை, அலுமினியச் சட்டி, மண்சட்டி எதுவும் அதில் வேலை செய்யாது. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். மண்சட்டி மீன் குழம்பை விட மாட்டேன் என்பவருக்குக் கேஸ்தான். பழைய வீடாக இருந்தால், பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, எர்த் போட்டு, 16 ஆம்பியர் பிளக் வைத்த பிறகே இண்டக்‌ஷன் வாங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகக் கூடாது. கேஸ் வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். குழாயில் தேதி போட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

என் முடிவைக் கேட்டால் சொல்கிறேன். கார்டை நீட்டிய அந்தப் பெண் சொன்னதுதான் என் முடிவும்: இரண்டில் ஒன்று கையில் இருக்கட்டும். பாலுக்கும் வெந்நீருக்கும் ராத்திரிக் கஞ்சிக்கும் இண்டக்‌ஷன், மற்றதற்குக் கேஸ். அல்லது இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சொன்னார்கள் என்று கேஸ் இணைப்பை ஒப்படைத்துவிட வேண்டாம். பிரான்ஸில் 2022-லிருந்து புதிதாகக் கட்டுகிற தனி வீடுகளில் கேஸ் கொதிகலனுக்கு வழியில்லாமல் சட்டம் செய்துவிட்டார்கள். அவர்களுக்கு 1970-களிலிருந்து கட்டிவந்த அணுமின் நிலையங்கள் இருக்கின்றன, அது அவர்கள் ஊர் நியாயம். நமக்கு 2012 இருக்கிறது.

இன்னும் ஒன்று. இந்த வரலாறு முழுவதையும் எழுதிவிட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. தண்ணீரைக் குழாயில் இறக்கியது எஞ்சினியர். கம்பியைக் கிணற்றுக்குக் கொண்டுபோனது மந்திரி. இணைப்பை வரிசையில் வைத்தது கம்பெனி. சீமெண்ணெயை வெட்டியது என்னைப் போன்ற கிளார்க் கையில் இருந்த முத்திரை. சிலிண்டர் ஆறா பன்னிரண்டா என்பது டெல்லியில். அடுப்பைப் பற்ற வைக்கிறவரை இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று முதல் தடவையாக, கேஸா கரண்டா என்று வீட்டுக்குள் இருந்தே முடிவு செய்கிற வசதி வந்திருக்கிறது. அந்த முடிவைப் பிள்ளைகளும் அப்பாக்களும் போனில் பேசி முடித்துவிடாதீர்கள். அடுப்படியில் நிற்கிறவரைக் கேளுங்கள்.